நனைந்த சேலை கோடி ஆகாது

நம் வேலையில் புதுத் துணிதான் முதல் எதிரி. கடையில் வாங்கிய சட்டையை அப்படியே மாட்டிவிட்டால், எவ்வளவு நன்றாக நடித்தாலும் அந்த நடிகர் கடை பொம்மை மாதிரிதான் தெரிவார். அதனால் வாங்கிய அன்றே அதைப் பழசாக்கத் தொடங்கிவிடுவோம். டீத்தூள் கொதித்த தண்ணீரில் ஊறப்போடுவோம். கல்லில் தேய்ப்போம். காலர் மடிப்பில் உப்புத்தாள் போடுவோம். வயல்வேலைக்காரர் வேட்டி என்றால் மண்ணைக் குழைத்துப் பூசி, வெயிலில் காயவிட்டு உதறுவோம். இதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் கைவந்துவிடும். நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

காஸ்ட்யூம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம் என்றால், எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டுமே என்ற பயம் இன்னொரு காரணம். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் படித்துக் காட்டினால் போதும். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

என் வேலை நாட்களில் ஒரே ஒரு தடவைதான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். கட்டி, சாப்பிட்டு, மீன் குழம்பு சிந்தி, அலசிக் காயப்போட்ட ஒரு சேலையை, அன்று காலையில் கடையில் வாங்கியது மாதிரி ஆக்க வேண்டியிருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சுனாமி வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த சமயம். சின்னப் படம். பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது. கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் வயலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டில் வயதான ஒரு பெண் சாகக் கிடக்கிறாள். பல வருடமாகப் பேச்சு இல்லாத அவள் தம்பி வந்து சேர்கிறான். கஞ்சி ஊட்டுகிறான், கால் பிடித்துவிடுகிறான், பழைய கதை பேசுகிறான். அவள் கண் மூடிய பிறகு பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்துகிறான். படம் அத்தோடு முடிகிறது.

ஒரு பெண் எங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாலும், கடைசியில் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்று ஒரு புதுச் சேலை வந்தாக வேண்டும். அது மேலே விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். இந்தப் படம் முழுக்க அந்த ஒரு சேலைக்காகத்தான் என்று டைரக்டர் சொல்வார். அவர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சாகக் கிடக்கும் பெண்ணாக நடித்தவர் தனபாக்கியம் அம்மா. எழுபதை நெருங்கியவர். கடலூர்ப் பக்கம் மீனவர் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே நாடகத்துக்குப் போனவர். அப்போது சென்னையில் தனியாக ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார். சொந்தத் தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சிதம்பரத்தில் இறங்கினார். என் ஊர் குமராட்சிப் பக்கம் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். யூனிட்டில் மற்றவர்களோடு சென்னைப் பேச்சு, என்னோடு மட்டும் நம்ம பக்கத்துப் பேச்சு. நான் பதிலுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன்.

"ஏன் தம்பி, ஒனக்கு வாய தைச்சி விட்டுட்டு ஊசிய யாரு எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

கோடி போர்த்தும் காட்சிக்காகச் சிதம்பரத்தில் ஒரு பருத்திச் சேலை வாங்கினேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. டைரக்டரும் கேமராமேனும் பார்த்துச் சொன்ன நிறம். அந்தக் காட்சி எடுக்க வேண்டிய நாளில் சேலையைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. அங்கே வை என்று கண்ணால் காட்டினார். அப்புறம் டைரக்டரைக் கூப்பிட்டு, செத்ததாகப் படுக்கிறேன், மூக்கில் பஞ்சு வையுங்கள், நெற்றியில் காசு வையுங்கள், எல்லாம் சரி, ஆனால் அந்தச் சேலை மட்டும் என் மேல் விழக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இது நடிப்புதானே அம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா சார்? அம்பது வருஷமா மேடைக்கு மேட செத்துகினுதான் இருக்கேன். விஷம் குடிச்சி செத்திருக்கேன், வாள் குத்தி செத்திருக்கேன். ஆனா அங்கல்லாம் எவனும் கோடி எடுத்துகினு வரல."

மேனேஜருக்குக் கோபம். தம்பியாக நடித்த நடிகர் இன்னும் இரண்டு நாளில் ஹைதராபாத் போக வேண்டும். போனால் திரும்பக் கூப்பிட முடியாது. அம்மாவுக்குப் பதிலாக வேறு ஒருத்தரைப் படுக்கவைத்து, முகத்தைக் காட்டாமல் எடுக்கலாமா என்று ஊரில் கேட்டுப் பார்த்தார்கள். எந்தப் பெண் வந்து படுப்பாள்? கடைசியில் சேலையே இல்லாமல் தம்பியின் முகத்தை மட்டும் எடுத்து முடித்துவிடலாம் என்றார் மேனேஜர். டைரக்டர் வயல் பக்கம் நடந்து போனார். சேலை இல்லாவிட்டால் அவருக்குப் படமே இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வேறு காட்சிகளை எடுத்தார்.

சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அவருக்கு ஒரே தம்பி, கலியமூர்த்தி. அவனுக்கு நடக்க வருவதற்கு முன்பே பெற்றவள் இறந்துவிட்டாள். நாடகத்துக்குப் போய் இவர்தான் அவனை வளர்த்தார். அவன் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தபோது, அத்தை முறைக்கு இவர் சீர்த்தட்டைத் தூக்கி வந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கூத்தாடிப் பொம்பளைதான் தட்டு தூக்கணுமா என்று பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். கலியமூர்த்தி அவரிடம் ஒன்றும் பேசவில்லை. அக்கா கையிலிருந்த தட்டை வாங்கி வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார். பெண் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று பயந்திருப்பான் என்று அம்மாவே சொன்னார். ஆனாலும் அன்றைக்குத் தாங்க முடியவில்லை. உள்ளே போய், தம்பி எடுத்துக் கொடுத்திருந்த சேலையை அவிழ்த்து, வேறு கட்டிக்கொண்டு, அந்தச் சேலையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, இனிமேல் உன் வீட்டுச் சேலை என் உடம்பில் படாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. வருடா வருடம் வந்துகொண்டிருந்த பொங்கல் சீரும் நின்றது.

"அவன் கையால வராத கோடி என்மேல விழக்கூடாது தம்பி. நெசமா இருந்தாலும் சரி, நடிப்பா இருந்தாலும் சரி. ஒரு தடவ வேற எவன் கையாலயாவது வாங்கிட்டேன்னா, எனக்குப் பொறந்த வீடு இல்லன்னு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடும்."

மடித்த துணி ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, அவனிடம் போய் இதையெல்லாம் சொல்லிவிடாதே என்றார். அப்புறம், மாரியம்மன் கோயில் பக்கத்து ஸ்டாப்பில் இறங்கினால் மூன்றாவது சந்து, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு, வாசலில் நீல டிரம் கவிழ்த்து வைத்திருப்பான் என்றார்.

போகக்கூடாது என்று நினைப்பவர்கள் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். நம் வேலையில் நடிகர்கள் வாயால் கேட்பது ஒன்று, அவர்களுக்கு வேண்டியது ஒன்றாக இருக்கும். பேசாமல் மடித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது தானாகக் காதில் விழும். டைரக்டரிடம் மட்டும் சொன்னேன். போய் வாருங்கள் என்றார்.

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். அரக்குச் சேலையைத் துணிக்கடைப் பையோடு எடுத்துக்கொண்டேன். கலியமூர்த்தி வரமாட்டேன் என்றாலும், இந்தச் சேலையைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதுமே, அது தம்பி கொடுத்தது ஆகிவிடுமே என்பது என் கணக்கு. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நீல டிரம் இருந்தது. அதன் மேல் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். முகத்தில் அக்காவின் மூக்கு. அவர் மனைவி வசந்தா, வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். யார் என்று கேட்டார் கலியமூர்த்தி. தனபாக்கியம் அம்மாவிடமிருந்து வருகிறேன் என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது மறந்தே போய்விட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பையைப் பார்த்தார். பைக்கு வெளியே புதுச் சேலையின் பச்சைக் கரை தெரிந்துகொண்டிருந்தது.

"எப்போ?" என்றார்.

எனக்குப் புரிவதற்குள் எழுந்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ். லுங்கியும் பனியனும். செருப்பு போடவில்லை. சந்து முனையைத் தாண்டி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்து, நாலு எட்டு வைத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டார். வசந்தா அரிவாள்மனையை விட்டு எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் ஓடினேன். வாழ்க்கையில் தெருவில் நின்று நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"மாமா, அக்கா நல்லா இருக்காங்க. காலைல நாலு இட்லி சாப்பிட்டாங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் நின்றார். திரும்பி வந்தார். என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் தன் முகத்தையே துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கிரீஸ் ஆனது.

நீங்கள் ஒரு வீட்டுக்கு எதையாவது கேட்டுப் போனால், எல்லோரும் நலம் என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பையைக் காட்டுங்கள். எனக்கு அது அந்தத் தெருவில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, படம் எங்கே எடுக்கிறார்கள் என்பது வரை விஷயத்தைச் சொன்னேன். வந்த கோபம் இப்போது வேறு மாதிரி திரும்பியது. உயிரோடு இருப்பவளுக்குக் கோடி போடச் சொல்கிறாயா, நீயெல்லாம் மனுஷனா என்றார். சேலையைத் தொட மாட்டேன், நானும் வர மாட்டேன், போய்ச் சொல் என்றார். இன்ஜினில் கழற்றிய பாகம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வசந்தா மீண்டும் மீன் அரிய உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமல் பேசினார்.

"செத்துட்டாங்கன்னு நெனச்சதும் செருப்புகூட மாட்டாம ஓடன. உசுரோட இருக்காங்கன்னதும் வந்து உக்காந்துகின. நல்லா இருக்கு ஞாயம்."

அவர் ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

"கடல் வந்தப்ப நம்ம ஸ்கூல்ல கெடந்தோமே, அப்ப அவுங்க லாரி புடிச்சி வந்து கேட்டாண்ட நின்னு பாத்துட்டுப் போனாங்களா இல்லியா? சோத்துக்கு வரிசைல நீ நிக்கறதப் பாத்துட்டு, உசுரோடத்தான் இருக்கான்னுட்டு அப்டியே திரும்பிப் போனாங்க. நீ எத்தினி வாட்டி போய் எட்டிப் பாத்த?"

ரொம்ப நேரம் இன்ஜினைத் திருகிக்கொண்டிருந்தார் கலியமூர்த்தி. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"நாலு இட்லியா தின்னா? அவ ரெண்டுக்கு மேல தொட மாட்டாளே."

நாலுதான் மாமா, நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து டைரக்டரிடம் உதட்டைப் பிதுக்கினேன். அம்மா என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார். சேலைப் பை இருந்தபடியே இருப்பதைப் பார்த்தார். கடல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். நான் கடல் பக்கமே போகவில்லை. அமைதியாக இருந்தது என்று சொன்னேன்.

மறுநாள்தான் அந்த நடிகருக்குக் கடைசி நாள். காலையில் அவர் கஞ்சி ஊட்டும் காட்சி எடுத்தார்கள். அம்மாவுக்கு மேக்கப் போட்டு, முகத்தை வெளிற வைத்து, கண்ணுக்குக் கீழே கருப்பு தீட்டி, நாலு நாளுக்கு மேல் உயிர் தாங்காது என்பது மாதிரி ஆக்கியிருந்தார்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மினி பஸ் வந்து முனையில் நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். கலியமூர்த்தி தோளில் கரும்புக்கட்டு, கையில் மஞ்சள்கொத்து. வசந்தா இடுப்பில் புதுப்பானை, கையில் பெரிய தூக்குச்சட்டி, கக்கத்தில் ஒரு துணிப்பை. மார்கழி பாதிதான் ஆகியிருந்தது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது.

மேனேஜர் என்னிடம் வந்து, இந்தக் கரும்பு எந்த சீனுக்கு, யார் ஆர்டர் போட்டது என்று கேட்டார்.

கலியமூர்த்தி உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். கரும்பு தோளிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. அவர் முகம் போன போக்கை நான் சொல்ல முடியாது. அம்மாவும் அவரையே பார்த்தார். எத்தனை வருடம்! யூனிட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"பவுடருடா," என்றார் அம்மா. "பயப்படாத. கிட்ட வந்து பாரு."

அவர் கிட்டே போனார். ஒரு விரலால் அக்காவின் கன்னத்தை வழித்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. கன்னத்தில் ஒரு கோடு, அதற்குள் அவருடைய உண்மையான கறுப்பு. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நாலு இட்லி தின்னியாமே?"

"அதுல ரெண்டு சின்னது," என்றார் அம்மா.

அவ்வளவுதான். மன்னிப்பு, கேள்வி, பதில் ஒன்றும் நடக்கவில்லை. டைரக்டர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வசந்தா ஒரு தட்டு வாங்கி, பையிலிருந்த சேலையை அதில் வைத்து நீட்டினார். மாம்பழ நிறம், சிவப்புக் கரை. அம்மாவின் கை உயர்ந்து பாதியில் நின்றது. சொன்ன சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அண்ணி, பேசனது நீங்க, பேசாம நின்னது இவுரு. நடுவுல சீல என்னா பண்ணிச்சி? வாங்குங்க," என்றார் வசந்தா.

அம்மா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உங்கள் படத்துக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று டைரக்டரிடம் சொன்னார் கலியமூர்த்தி. ஆனால் ஒரு நிபந்தனை.

"இது பொங்கலு சீல. மொதல்ல அவ கட்டணும், கட்டிகினு என்கூட உக்காந்து சாப்புடணும். அப்புறம் தண்ணில நல்லா அலசிடணும். நனைஞ்ச சீல கோடி ஆவாது. அதுக்கப்புறம் அத வச்சி நீங்க என்னா வேணா எடுத்துக்குங்க, எனக்கு பயமில்ல."

கேமராமேன் தயங்கினார். மாம்பழ நிறம் அந்த இருட்டு அறையில் கண்ணைக் குத்திக் கத்தும் என்றார். டைரக்டர், கத்தட்டும் என்றார். ஆனால் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். சாவு வீட்டுக்கு வரும் சேலை கடை மடிப்போடு விறைப்பாக இருக்க வேண்டும், அலசிக் காயப்போட்டதை அப்படிக் கொண்டுவர முடியுமா, நாலரைக்கு மேல் வெளிச்சம் போய்விடுமே என்றார். முடியும் என்று தலையாட்டினேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அம்மா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். முகம் சாகப்போகிற முகம், உடம்பில் மாம்பழ நிறம். தூக்குச்சட்டியில் வசந்தா மீன் குழம்பு கொண்டுவந்திருந்தார். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு மணி பார்த்தபடி நின்றேன். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவசரத்தில் நம் வேலைக்கு எது முக்கியம் என்று உங்களுக்கும் இப்படிக் குழப்பம் வரும். அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டு முடிப்பதுதான் முக்கியம் என்று பட்டது. முள் எடுக்கிறேன் என்று முந்தானையில் குழம்பையும் சிந்தினார் அம்மா.

பம்ப்செட்டில் அலசினேன். குழம்புக் கறை போனது, மஞ்சள் நிழல் மட்டும் நின்றது. அதை உள்மடிப்புக்குள் தள்ளிவிடலாம். யூனிட் சமையல்காரரிடம் சோற்றுக் கஞ்சி வாங்கி வடிகட்டினேன். விறைப்பு வேண்டும் என்றால் கெட்டியாகப் போட வேண்டும். சட்டியில் கரைத்துக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தி வந்து நின்றார்.

"ஜாஸ்தி கஞ்சி போடாத தம்பி. அவ தோலு மெல்லிசு. உறுத்தும்."

கேமராவுக்குத் தெரியப்போவது சேலைதான், அதற்குக் கீழே இருப்பவருக்கு உறுத்துமா என்று அதுவரை எந்தத் துணிக்கும் நான் யோசித்ததில்லை. ஈரச் சேலையை என் முழங்கையின் உள்பக்கம் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அங்கேதான் தோல் மெல்லியது. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். கரைக்கும், மேலே தெரியப்போகும் மடிப்புக்கும் மட்டும் கெட்டிக் கஞ்சி. உடம்பில் படும் பக்கத்துக்கு வெறும் தண்ணீர். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்துக்கொள்ள, வெயிலில் இழுத்துக் காயவைத்தோம். கல்யாண வீட்டில் வேட்டி உலர்த்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவரே சிரித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, கடைக்காரர் மடிக்கிற அதே மடிப்பில் தேய்த்து எடுத்தேன்.

வெளிச்சம் போவதற்குள் கொடுத்துவிட்டேன்.

காட்சி எடுக்கும்போது கலியமூர்த்தி உள்ளே வரவில்லை. வாசலில் எனக்குப் பக்கத்தில் வயலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உள்ளே அந்த நடிகர் சேலையை விரித்து அக்கா மேல் போர்த்தினார். விறைத்த கரை மெதுவாக விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. கட் சொன்னார்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்ததாக நடித்தவரை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு துண்டு எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஃபிலிம் வீணாகிறதே என்று எந்தத் தயாரிப்பாளரும் அதற்குக் கணக்குப் பார்த்ததில்லை. டைரக்டர், அம்மா எழுந்து சிரிங்க என்றார். அம்மா மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சேலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார்.

"கலியா, அங்க என்னாடா கதிர எண்ணிகினு நிக்கற? வா, வந்து நில்லு."

அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அக்கா அவர் இடுப்பில் கிள்ளினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தத் துண்டு படத்தில் இல்லை. ஓடிய கொஞ்ச நாளில் படத்தைப் பார்த்தவர்களும் குறைவு. மாம்பழச் சேலை அந்த அறையில் கத்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கப்புறம் அம்மா சென்னையைக் காலி செய்துவிட்டுச் சிதம்பரத்துக்கே வந்து சின்னதாக ஒரு வீடு பிடித்துக்கொண்டார். தம்பி வீட்டில் போய் இருக்கலாமே என்று கேட்டால், பக்கத்தில் இருந்தால் சீர் யார் தூக்கி வருவது என்பார். சீர் ஒரு வருடமும் தவறவில்லை. எனக்கு முட்டி தேய்ந்து, வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, நானும் பொங்கல் சமயத்தில் போய்ப் பார்ப்பேன். வாயில் தையல் இன்னும் பிரியவில்லையா என்று கேட்பார்.

ஒரு சித்திரை மாதம் அவர் போய்விட்டார். தூக்கத்தில் போனதாகச் சொன்னார்கள். நான் போனபோது கடலூரிலிருந்து கலியமூர்த்தி இன்னும் வந்திருக்கவில்லை. எல்லோரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். அவர் வந்தார். இந்தத் தடவை சட்டை போட்டிருந்தார், செருப்பு போட்டிருந்தார், நடந்துதான் வந்தார். கையில் துணிக்கடைப் பை இருந்தது. அழவில்லை.

பையிலிருந்து சேலையை எடுத்தார். நனைக்காத, மடிப்புக் கலையாத புதுச் சேலை. நல்ல விறைப்பு. கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்தார்.

"கஞ்சி ஜாஸ்தியா இருக்குதே தம்பி. உறுத்துமா?"

நான் அதை வாங்கி முழங்கையின் உள்பக்கம் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

"உறுத்தாது மாமா. போடுங்க," என்றேன்.